பதினெட்டுப் படித் துப்பாக்கி

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டது என்ற சேதி சென்னைக்குப் போய்ச் சேர வேண்டியதுதான், தென்சாரல் வங்கியின் தலைமை அலுவலகத்தில் இருக்கிற பெரிய அதிகாரிகளுக்கெல்லாம் தென்காசிக் கிளையைப் பற்றிய கவலை வந்துவிடும். பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிறபோது கிளையின் கூரையே இடிந்து விழுந்தாலும் ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஆனி பிறக்கட்டும். கணக்கைச் சரிபார்க்க ஒருவர், கணினியைச் சரிபார்க்க ஒருவர், சரிபார்த்தவர்களைச் சரிபார்க்க ஒருவர் என்று வந்து இறங்குவார்கள். பெட்டியில் கோப்பு இருக்கிறதோ இல்லையோ, துண்டும் எண்ணெய்ப் பாட்டிலும் இருக்கும்.

இந்த வருஷம் அவர்கள் கவலை துப்பாக்கியின் மேல் விழுந்தது.

அது ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி. வங்கிக்குச் சொந்தமானது. காலையில் அதைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பவர் தளவாய். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மத்தியானத்துக்கு மேல் நிற்பவர் பலவேசம். அவர் ஆயுதப்படைப் போலீஸில் இருந்தவர். மத்தியானம் இரண்டு மணிக்குத் தளவாய் துப்பாக்கியை மடக்கித் திறப்பார். தோட்டா இரண்டையும் உருவி எடுப்பார். குழல் சுவரைப் பார்க்கிற மாதிரி மேசைமேல் கிடத்திவிட்டு ஓரடி தள்ளி நிற்பார். பலவேசம் எடுத்து, பின்பக்கமாக ஒரு கண்ணை விட்டுப் பார்த்து, "சரி வே" என்பார். அவ்வளவுதான். அதன் பிறகு இரண்டு பேரும் டீ குடிப்பார்கள்.

கையிலிருந்து கைக்குக் கொடுக்க மாட்டார்கள். உப்பு, மிளகாய், அரிவாள், இந்த மூன்றையும் கையில் கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வந்துவிடும் என்பது இரண்டு வீட்டிலும் வழக்கம். கீழே வைக்க வேண்டும். மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். துப்பாக்கியை அரிவாளோடு சேர்ப்பதா வேண்டாமா என்று அவர்கள் யாரிடமும் போய்க் கேட்டதில்லை. இரும்பு, ஆளையும் கொல்லும். பேசாமல் சேர்த்துக்கொண்டார்கள்.

இதில் இன்னொரு விஷயமும் இருந்தது. தளவாயின் மகள் நிவேதாவுக்கும் பலவேசத்தின் மகன் பாண்டிராஜுக்கும் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. நிவேதா ஆலங்குளத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பாண்டிராஜ் பட்டாளத்தில் இருக்கிறான், காஷ்மீர்ப் பக்கம். லீவில் வந்தவன் சனிக்கிழமை ரயிலேற வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஆறரைக்குள் குத்துக்கல்வலசையில் தளவாய் வீட்டில் நிச்சயதாம்பூலம் என்று நாள் குறித்துவிட்டார்கள். வருஷக்கணக்காக "வே" போட்டுப் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேரும் ஒரு மாதமாகச் "சம்பந்தி" என்று கூப்பிடப் பழகிக்கொண்டிருந்தார்கள். இன்னும் சரியாக நாக்கில் ஒட்டவில்லை.

இப்போது துப்பாக்கிக்கு வருவோம். ஏதோ ஒரு கிளையில், எந்தக் கிளை என்று சொல்ல மாட்டார்கள், காவலாளி துப்பாக்கியை மேலாளரின் மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். மேலாளர் அடியில் கிடந்த பேப்பரை உருவியிருக்கிறார். துப்பாக்கி வழுக்கி அவர் கால் கட்டைவிரலில் விழுந்துவிட்டது. உள்ளே தோட்டா இல்லை. ஆனால் விரல் வீங்கிவிட்டது. வீங்கியது மேலாளரின் விரல் என்பதால் குழு அமைத்தார்கள். குழு ஊட்டியில் ஒரு தடவையும் கொடைக்கானலில் ஒரு தடவையும் கூடி ஆழமாக யோசித்து, 'பாதுகாப்பான ஆயுதக் கைமாற்ற நடைமுறை' என்று ஒன்றை உண்டாக்கியது. மொத்தம் பதினெட்டுப் படி. அதை எழுதியவர் ஸ்ரீதேவி மேடம், இடர் மேலாண்மைப் பிரிவின் துணைப் பொது மேலாளர்.

நடைமுறையைத் தென்காசிக் கிளையில்தான் முதலில் தொடங்கி வைக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். சாரலும் நன்றாக விழுந்துகொண்டிருந்தது.

புதன், வியாழன் இரண்டு நாளும் குற்றாலத்தில் ஒரு ரிசார்ட்டில் பயிற்சி. தளவாயும் பலவேசமும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனார்கள். ஸ்ரீதேவி மேடம் பழைய ஆட்களை மதிக்கத் தெரிந்தவர். எழுந்து நின்று கும்பிட்டார்.

"உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து நாற்பது வருஷத்துக்கு மேல அனுபவம் இருக்குன்னு மேலாளர் சொன்னார். கவலைப்படாதீங்க. அதை மறக்க வைக்கத்தான் இந்த ரெண்டு நாள்" என்று தொடங்கினார். "நான் இதுவரைக்கும் துப்பாக்கியைத் தொட்டதில்லை. கிட்டத்துல பார்த்ததுகூட இல்லை. பார்த்திருந்தா எனக்குப் பாரபட்சம் வந்திருக்கும். இந்தப் பதினெட்டுப் படியும் சுத்தமான சிந்தனையில உருவானது."

பலவேசம் தளவாயின் காதருகே குனிந்து, "ஐயப்பன் கோயிலுக்கும் அதான கணக்கு" என்றார். தளவாய் சிரிக்கவில்லை. அவர் மனசெல்லாம் பந்தல்காரன் வந்தானா என்பதிலேயே இருந்தது.

ரிசார்ட்டுக்குள் துப்பாக்கி கொண்டுவரக் கூடாது என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருந்ததால் பயிற்சிக்குக் குடையை வைத்துக்கொண்டார்கள். கொடுப்பவர் குடையை நெஞ்சுக்கு நேராக இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். மூன்று தடவை மூச்சை இழுத்து விட வேண்டும். வாங்குபவரின் கண்ணைப் பார்த்து, "குழல் காலி, மனம் தெளிவு, தருகிறேன்" என்று சொல்ல வேண்டும். வாங்குபவர் தம் இரண்டு கையாலும் வாங்கி, "பெற்றுக்கொண்டேன்" என்று சொல்ல வேண்டும். புல்தரையில் நின்று செய்துகொண்டிருந்தபோது சாரல் வலுத்துவிட்டது. தளவாய் குடையை விரிக்கப் போனார்.

"விரிக்காதீங்க. அது இப்ப ஆயுதம்" என்றார் மேடம்.

மூன்று பேரும் நனைந்துகொண்டே பதினோராவது படி வரைக்கும் போனார்கள். அப்போது மரத்திலிருந்து இறங்கிய ஒரு குரங்கு, தளவாய் நீட்டிய குடையைப் பலவேசம் வாங்குவதற்கு முன் தான் வாங்கிக்கொண்டு கூரைமேல் ஏறிவிட்டது. மேடம் பதறவில்லை. 'அனுமதியற்ற பெறுநர்' என்று எழுதி வைத்துக்கொண்டு, சமையல்கட்டிலிருந்து வேறு குடை வரவழைத்தார். இரண்டாம் நாள் முடிவில் இரண்டு பேருக்கும் சான்றிதழ் கொடுத்துக் கைதட்டினார்.

"நாளைக்கு மத்தியானம் நிஜத் துப்பாக்கியில தொடக்க விழா. சென்னையிலிருந்து கண்காணிப்பு அறை நேரடியா பார்க்கும்" என்றார்.

அப்போதுதான் தளவாய்க்கு உறைத்தது. குடை என்பதால் இரண்டு நாளும் இதை யோசிக்காமல் விட்டுவிட்டார்.

"மேடம், கைலயே கொடுத்து வாங்கணுமா? மேசைல வச்சு எடுத்தா ஆகாதா?"

"படி நாலு என்ன சொல்லுது? ஆயுதம் எந்தப் பரப்பின் மீதும் வைக்கப்படக் கூடாது. ஒரு கட்டைவிரல் போனது போதும் தளவாய்."

வீட்டுக்கு வந்து மனைவி மாரித்தாயிடம் சொன்னார். அவள் வாழையிலைக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தாம்பாளம் மாற்றப் போகிற இரண்டு பேர், அதே நாளில், அதற்கு மூன்று மணி நேரம் முன்னால், துப்பாக்கியைக் கையில் கொடுத்துக் கையில் வாங்குவதா? போனை எடுத்துப் பலவேசத்தின் மனைவி சந்தனமாரியைக் கூப்பிட்டாள். சந்தனமாரி இவளுக்கு மேல் கறாரானவள்.

"மதினி, கேட்டுக்கிடுங்க. இந்த மனுசன் அதைக் கைல வாங்கினாருன்னு என் காதுல விழுந்துச்சு, நான் தாம்பாளத்தைத் தூக்க மாட்டேன். எம் மவன் எங்கனயோ மலை உச்சில நிக்கான். அவன் வாழ்க்கைல சண்டை சச்சரவு வரப்பிடாது. ஆமா, சொல்லிட்டேன்" என்றாள்.

உள்ளறையில் நிவேதா புதுப் புடவைக்கு மடிப்புப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தளவாய் அவளை ஒரு தடவை பார்த்தார். அவருக்குத் தூக்கமே வரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வங்கி வாசலில் மாவிலை கட்டியிருந்தது. மேலாளர் முகம்மது மீரான் நல்ல மனுஷன். டை கட்டிக்கொண்டு வேர்த்து வழிய நின்றார். கூரையில் புதுக் கேமரா, அதன் பக்கத்தில் ஒலிபெருக்கி, அதன் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கும் ஒரு பச்சை விளக்கும். ஒலிபெருக்கியிலிருந்து சென்னைக் குரல் ஒன்று, சின்ன வயசுப் பையனின் குரல், பணிவாகக் கேட்டது.

"தென்காசிக் கிளை, வணக்கம். ஆயுதம் யாரிடம் உள்ளது?"

"என்ட்ட இருக்கு" என்றார் தளவாய்.

சிவப்பு விளக்கு எரிந்தது. தளவாய் துப்பாக்கியை மடக்கித் திறந்து தோட்டாக்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். மூச்சை இழுத்து விட்டார். நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, "குழல் காலி, மனம் தெளிவு, தருகிறேன்" என்றார். மனம் தெளிவாக இல்லை என்பது அவருக்கும் தெரியும், எதிரே நின்ற பலவேசத்துக்கும் தெரியும்.

பலவேசம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"வாங்குங்க பலவேசம்" என்றார் மேடம்.

"கீழ வைக்கச் சொல்லுங்க மேடம், எடுத்துக்கிடுதேன்."

"ஏன், பயமா?"

"பயமெல்லாம் ஒண்ணுமில்ல. கைல வாங்கினா சம்பந்திக்கும் எனக்கும் ஆகாமப் போயிரும்."

மேடத்துக்குப் புரியவில்லை. முகம்மது மீரான் பக்கத்தில் போய் மெதுவாக எடுத்துச் சொன்னார். மேடம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கேமராவைப் பார்த்தபடி பேசினார்: "நம்பிக்கைகளை நான் மதிக்கிறேன். ஆனா நடைமுறைங்கிறது அறிவியல். இதுல ஏன் எதுக்குன்னு கேள்வி கேட்கவே கூடாது."

இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஐந்து நிமிஷம் கடந்துவிட்டது. "கால அவகாசம் முடிந்தது. படி ஒன்றிலிருந்து தொடங்கவும்" என்றது சென்னைக் குரல். மறுபடி மூச்சு, மறுபடி கண், மறுபடி குழல் காலி. மூன்றாம் தடவை போய்க்கொண்டிருந்தபோது காற்றில் எங்கேயோ கிளை முறிந்து கம்பியில் விழுந்து கரண்ட் போய்விட்டது. வங்கியில் இன்வெர்ட்டர் உண்டு. அது மேலாளர் அறை மின்விசிறிக்கு மட்டும். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கரண்ட் திரும்பி வந்ததும் குரல், ஒன்றும் நடக்காதது மாதிரி, "தென்காசிக் கிளை, வணக்கம். ஆயுதம் யாரிடம் உள்ளது?" என்று கேட்டது.

"என்ட்டதான் இருக்கு தம்பி" என்றார் தளவாய். இடுப்பு வலிக்க ஆரம்பித்திருந்தது. கைமாற்றம் நடக்கும்போது உட்காரக் கூடாது என்று ஏழாம் படி சொல்கிறது.

நான்காம் தடவை நடந்ததுதான் பெரிய கூத்து. ஹாஜரா பீவி என்று ஒரு அம்மா அடகு வைத்த வளையலைத் திருப்ப வந்திருந்தார். நகையைத் திருப்புகிறவர்கள் கேமராவைப் பார்த்துப் பேரோடு வாயால் சொல்ல வேண்டும் என்பது இந்த வங்கியின் பழைய விதி. பாவம், அந்த அம்மா புதுக் கேமராவைப் பார்த்து, "ஹாஜரா பீவி, பெற்றுக்கொண்டேன்" என்று சத்தமாகச் சொன்னார்.

பச்சை விளக்கு எரிந்தது. மணி அடித்தது.

"வாழ்த்துகள். ஆயுதம் இப்போது ஹாஜரா பீவி அவர்களிடம் உள்ளது" என்றது குரல்.

"துப்பாக்கி எங் கைல இருக்குய்யா" என்றார் தளவாய்.

"தெரியுது சார், பார்க்கிறேன். ஆனா சிஸ்டம் ஏத்துக்கிடுச்சு. நான் ஒண்ணும் பண்ண முடியாது. அவங்க உங்ககிட்டத் திருப்பிக் கொடுக்கணும்."

முகம்மது மீரானுக்குப் பயம் வந்துவிட்டது. பயிற்சி இல்லாத ஆள் கையில் ஆயுதம் இருந்தால் பதினாறாம் படி என்று ஏதோ இருக்கிறதே என்று மேடத்திடம் கேட்டார். மேடம் பெருமையாகச் சிரித்தார்.

"பதினாறாம் படி ஊழியர்களுக்கு மட்டும்தான். பயிற்சி இல்லாத ஊழியர் கையில ஆயுதம் வந்துட்டா, அவர் அப்படியே அசையாம நிக்கணும், யாரும் அவர்கிட்டேயிருந்து வாங்கக் கூடாது. வாடிக்கையாளரை அப்படி நிறுத்த முடியாதே. ஊழியரை எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிறுத்தலாம்."

அதனால் ஹாஜரா பீவி வளையலை மடியில் கட்டிக்கொண்டு, வெறும் கையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, மூன்று தடவை மூச்சு விட்டு, இல்லாத துப்பாக்கியைத் தளவாயிடம் நீட்டினார். தளவாய் இருக்கிற துப்பாக்கியோடு கையை நீட்டி இல்லாததையும் வாங்கிக்கொண்டார்.

"பத்திரமா வச்சுக்கிடுங்க. நான் பஸ்ஸுக்குப் போணும்" என்று அந்த அம்மா கிளம்பினார்.

மணி ஐந்தாகிவிட்டது. வங்கியைப் பூட்ட வேண்டும். வழக்கமாகத் துப்பாக்கியைப் பெட்டக அறைக்குள் வைத்துவிட்டுப் போவார்கள். ஆனால் கைமாற்றம் தொடங்கி முடியாமல் இருக்கும்போது உள்ளே வைக்கக் கூடாதாம். உள்ளே இருப்பதும் ஒரு பரப்புதானே. அந்த மத்தியானம் முழுக்க வாயைத் திறந்துகொண்டு தோட்டா இல்லாமல் இருந்த அந்தத் துப்பாக்கியைப் பார்த்து எவனாவது கொள்ளையடிக்க வந்திருந்தால் அவனையும் ஒரு ஓரமாக நிற்கச் சொல்லியிருப்பார்கள்.

தளவாயின் சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஒரு கை வேண்டும். இரண்டு கையும் துப்பாக்கியில் இருக்க வேண்டும் என்பது விதி. பலவேசம்தான் எடுத்துத் தளவாயின் காதில் வைத்தார்.

"எங்கன இருக்கிய? ஆளெல்லாம் வந்து உக்காந்தாச்சு" என்றாள் மாரித்தாய்.

"கைல வச்சிக்கிட்டு நிக்குதேன்."

"கொடுத்துட்டியளா?"

"கொடுக்கல. கொடுத்தாத்தான் வர முடியும். கொடுத்தா வந்தும் பிரயோசனம் இல்ல."

மாரித்தாய் சொன்னாள்: "அங்கனயே நில்லுங்க. நாங்க வாரோம்."

ஐந்தே முக்காலுக்கு இரண்டு வேன் வங்கி வாசலில் வந்து நின்றது. பட்டுப் புடவைகள் இறங்கின. தாம்பாளங்கள் இறங்கின. வெற்றிலை, பாக்கு, பழம், கல்கண்டு, பூ, கேசரித் தூக்குவாளி எல்லாம் இறங்கின. பாண்டிராஜ் வேட்டியும் ஒட்ட வெட்டிய தலையுமாக இறங்கினான். நிவேதா தலைகுனிந்து இறங்கி, அப்பா துப்பாக்கியோடு நிற்கிற கோலத்தைப் பார்த்ததும் தலையை நிமிர்த்திவிட்டாள்.

சந்தனமாரி நேராகப் புருஷனிடம் போனாள். "வாங்கினியளா?"

"தொடல."

"ஆத்தா காப்பாத்திட்டா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

முகம்மது மீரான் நாற்காலிகளை ஒதுக்கிப் பாய் விரிக்கச் சொன்னார். தலைமை அலுவலகத்துக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துவிட்டு, "வாடிக்கையாளர் சந்திப்புக் கூட்டம்னு போட்டுக்கிடுவோம்" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். நிச்சயம் வாசித்தார்கள். தாம்பாளம் மாற்ற வேண்டிய நேரம் வந்தது. மணி ஆறு இருபது. பெண்ணைப் பெற்றவரும் பிள்ளையைப் பெற்றவரும் எதிரெதிரே நின்று, இரண்டு கையாலும் தாம்பாளத்தைக் கொடுத்து வாங்க வேண்டும். தளவாயின் இரண்டு கையிலும் துப்பாக்கி. மாரித்தாய் சுற்றுமுற்றும் பார்த்தாள். பலவேசம் ஆகாது. பாண்டிராஜ் ஆகாது, மாப்பிள்ளைக்கும் மாமனாருக்கும் ஆகாமல் போகும். முகம்மது மீரானும் ஆகாது, நாளைக்கும் அவரிடம்தானே வேலை பார்க்க வேண்டும். கடைசியில் அவள் கண் ஸ்ரீதேவி மேடத்தின் மேல் போய் நின்றது.

மேடம் ஓரமாக ஒரு தூணில் சாய்ந்து நிவேதாவையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ அவர் நெற்றியில் குங்குமம் வைத்துத் தலையில் ஒரு முழம் பூவும் வைத்துவிட்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அவருக்கு இடர் மேலாண்மை ஞாபகமில்லை.

"அம்மா, ஒரு நிமிசம் நீங்க இதைப் பிடிங்களேன்" என்றாள் மாரித்தாய். "உங்களுக்கும் எங்களுக்கும் கொள்வினை கொடுப்பினை ஒண்ணும் கிடையாது. நீங்க சென்னைக்குப் போயிருவிய. சண்டை வந்தாலும் வந்துட்டுப் போகட்டும்."

"ஆமா மேடம், நேரம் போகுது" என்றாள் நிவேதா. அவள் கண் கலங்கியிருந்தது.

மேடம் நல்லவர்தான். அதை இந்த இடத்தில் சொல்லாவிட்டால் பாவம் பிடிக்கும். ஒன்றுமே யோசிக்காமல் இரண்டு கையையும் நீட்டினார். தளவாய் துப்பாக்கியை அவர் கையில் வைத்தார். இரண்டு நாள் சொல்லிச் சொல்லிக் கொடுத்த வாய், தானாக, "பெற்றுக்கொண்டேன்" என்றது.

பச்சை விளக்கு எரிந்தது. மணி அடித்தது. கெட்டிமேளம் இல்லாத குறை அதில் தீர்ந்தது. தளவாய் தாம்பாளத்தை எடுத்துப் பலவேசத்தின் கண்ணைப் பார்த்து நீட்ட, பலவேசம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பெண்கள் குலவையிட்டார்கள். சம்பந்திகள் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். காலையிலிருந்து துப்பாக்கியைப் பிடித்திருந்த தளவாயின் விரல்கள் நிமிரவே இல்லை. அழுகையும் வந்தது, அடக்கவில்லை.

"சரி, இப்ப பலவேசம் வாங்கிக்கலாம்" என்றார் மேடம். நேரம் முடிந்துவிட்டது, சடங்கும் முடிந்துவிட்டது, இனிப் பலவேசம் மேடத்திடமிருந்து கையில் வாங்குவதற்கு யாருக்கும் ஆட்சேபம் இல்லை. பலவேசம் கையை நீட்டினார்.

"தென்காசிக் கிளை, நிறுத்துங்கள்" என்றது சென்னைக் குரல். "ஆயுதம் வைத்திருப்பவர் யார்?"

"நான்தான்பா. ஸ்ரீதேவி."

"வணக்கம் மேடம். உங்க பயிற்சிச் சான்றிதழ் எண்?"

மேடம் கொஞ்சம் தயங்கினார். "நான் பயிற்சி கொடுக்கிறவ. எடுத்ததில்லை."

"அப்ப படி பதினாறு மேடம். அசையாதீங்க. யாரும் உங்ககிட்டேயிருந்து வாங்கக் கூடாது."

"தம்பி, அந்தப் படியை எழுதினதே நான்தான்."

"தெரியும் மேடம். ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க."

"எவ்வளவு நேரம்?"

"நீங்க பயிற்சி முடிக்கிற வரைக்கும். ரெண்டு நாள் ஆகும். பயிற்சி கொடுக்கிறதுக்கு நம்ம வங்கியில ஒரே ஒருத்தர்தான் இருக்காங்க."

"யாரு?"

"நீங்கதான் மேடம்."

மேடம் தளவாயைப் பார்த்தார். தளவாய்க்கு ரொம்பவும் சங்கடமாகப் போய்விட்டது. தன்னால்தானே இந்தப் பெண்பிள்ளைக்கு இந்தக் கஷ்டம் என்று கையைப் பிசைந்தார். கேசரி பரிமாறினார்கள். எல்லோரும் சாப்பிடுகையில் மேடம் மட்டும் துப்பாக்கியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். மாரித்தாய்க்கு மனசு கேட்கவில்லை. ஒரு இலையில் கேசரியை எடுத்துக்கொண்டு போய், "வாயைத் திறங்க" என்று ஊட்டிவிட்டாள். வாசல் வழியே போன ஒரு கிழவி, குங்குமமும் பூவுமாக ஆயுதத்தோடு நின்ற மேடத்தை எட்டிப் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போனாள்.

"அண்ணாச்சி" என்றார் மேடம், பலவேசத்திடம், குரலைத் தாழ்த்தி. முதல் தடவையாக அண்ணாச்சி என்றார். "நீங்க தினமும் எங்க வைப்பீங்க?"

"அந்தா, அந்த மேசைலதான். ஆனா படி நாலு இருக்கே மேடம்."

"இருக்கு" என்று பெருமூச்சு விட்டார் மேடம்.

ஏழு மணிவாக்கில் காற்று வலுத்தது. மறுபடி எங்கேயோ கிளை முறிந்திருக்க வேண்டும், கரண்ட் போய்விட்டது. கும்மிருட்டு. மேசைமேல் இரும்பை வைக்கிற சத்தம் மெதுவாகக் கேட்டது. ஓரடி தள்ளி நிற்கிற செருப்புச் சத்தம் கேட்டது. அப்புறம் யாரோ எடுக்கிற சத்தம். விரலை விட்டுக் குழலைத் தடவிப் பார்க்கிற சத்தம்.

"சரி மேடம்" என்றார் பலவேசம், இருட்டுக்குள்ளிருந்து.

கரண்ட் வந்தது. "தென்காசிக் கிளை, வணக்கம். ஆயுதம் யாரிடம் உள்ளது?"

"என்ட்ட இருக்கு" என்றார் பலவேசம். மேடம் இரண்டாம் தடவை கேசரி வாங்கித் தம் கையாலேயே சாப்பிட்டார்.

ஆடி முடிகிற சமயத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து புது உத்தரவு வந்தது. நீண்ட ஆய்வுக்குப் பிறகு 'மேசைவழிக் கைமாற்றம்' என்ற புதிய முறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறதாம். கொடுப்பவர் மேசையில் வைத்து ஓரடி விலக வேண்டும். பெறுபவர் எடுக்க வேண்டும். மொத்தம் இருபத்திரண்டு படி. பயிற்சி மூன்று நாள், குற்றாலத்தில். இதையும் தொடங்கி வைக்க ஸ்ரீதேவி மேடமே வந்தார். சாரல் நிற்பதற்கு ஒரு வாரம் பாக்கி இருந்தது.

தொடக்க விழாவில் தளவாய் துப்பாக்கியை மேசையில் வைத்தார். ஓரடி விலகினார். பலவேசம் எடுப்பதற்கு முன்னால், மேடத்தைப் பிறகு தனியாகப் பிடிக்க முடியாது என்ற அவசரத்தில், இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினார்.

"ஆவணி பதினெட்டு மேடம். நிவேதா கட்டாயம் வரச் சொன்னா."

மேடத்துக்கு ஒரே சந்தோஷம். அனுபவப்பட்டவர் இல்லையா, "மேசையில வைங்க, எடுத்துக்கிறேன்" என்றார்.

"இது பத்திரிகை மேடம். கைலதான் வாங்கணும்."

மேடம் இரண்டு கையையும் நீட்டி, தளவாயின் கண்ணைப் பார்த்து, மனசு நிறைந்து சொன்னார்: "பெற்றுக்கொண்டேன்."

கூரையில் பச்சை விளக்கு எரிந்தது. மணி அடித்தது.

"வாழ்த்துகள்" என்றது சென்னைக் குரல். "ஆயுதம் இப்போது ஸ்ரீதேவி மேடத்திடம் உள்ளது. மேடம், தயவுசெய்து அசைய வேண்டாம்."

தளவாய் உள்ளே போய் மேடத்துக்கு ஒரு நாற்காலியை எடுத்துவந்து போட்டார்.